நான்காவது வேலிக் கதவு

ஆற்றின் இடக்கரையை ஒட்டிச் செல்லும் சரளைப் பாதையில் ஒன்பது வேலிக் கதவுகள் இருக்கின்றன. ஊரிலிருந்து, பள்ளத்தாக்கின் கீழ்முனையில் ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாலம் வரை பாதையின் நீளம் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். இதில் மூன்றாவது கதவு முதல் ஆறாவது கதவு வரையிலான நிலம் ஒரே பண்ணைக்காரருக்குச் சொந்தம். அங்கே பாதை பொதுவழி அன்று. அவர் சரி என்றால் போகலாம், வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டியதுதான். எதிர்க்கரையில் பாறை நேராக ஆற்றுக்குள் இறங்குவதால் அங்கே ஒற்றையடிப் பாதைக்குக்கூட இடமில்லை. ஆகவே, பண்ணைக்காரர் பூட்டுப் போட்டால் பள்ளத்தாக்கு முழுவதுமே மிதிவண்டிக்காரர்களுக்கு இல்லாமல் போய்விடும்.

அவர் விதித்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று. திறந்திருக்கும் கதவைத் திறந்தபடியே விட வேண்டும். மூடியிருக்கும் கதவைத் திறந்து கடந்தபின் மூடிவிட வேண்டும். வந்தபோது எப்படி இருந்ததோ, போகும்போதும் அப்படியே இருக்க வேண்டும். மாடு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது என்பதே இதன் பொருள்.

இந்த நிபந்தனை ஒருமுறை மீறப்பட்டது. சென்ற ஆண்டு நடந்த நெடும்பயணத்தில் யாரோ ஆறாவது கதவை மூடாமல் போய்விட, இரண்டு கன்றுகள் நெடுஞ்சாலைக்குச் சென்றுவிட்டன. மறுவாரம் பண்ணைக்காரர் ஊருக்கு வந்தார். எங்கள் மிதிவண்டிச் சங்கத்தின் செயலாளர் பல் மருத்துவர். பண்ணைக்காரர் அவருடைய மருத்துவமனையில் வரிசையில் காத்திருந்து, முறை வந்ததும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "பல்லெல்லாம் நல்லா இருக்கு டாக்டர். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பாதையப் பூட்டிருவேன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாராம். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த நாற்காலியில் ஒருவர் அவ்வளவு நிதானமாகப் பேசி அதுவரை கேட்டதில்லை என்பது செயலாளரின் கூற்று.

அந்தப் பாதை மூடப்படுமானால் எல்லோரையும்விட அதிகம் இழக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். இந்தக் குறிப்பு அவரைப் பற்றியது. சங்கத்தின் நேரப் பதிவேடு, அவருடைய நீல நிறக் குறிப்பேடு, அவரோடும் அவர் வீட்டாரோடும் நான்கு முறை உட்கார்ந்து பேசியவை ஆகியவற்றைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஊருக்கு வெளியே உள்ள குளிர்பதனக் கிடங்கில் இருபத்து நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறார். கிடங்கில் ஆறு அறைகள். நான்கில் உருளைக்கிழங்கு, இரண்டில் ஆப்பிள். ஒவ்வோர் அறைக்கும் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரமுள்ள கதவு, தண்டவாளத்தில் உருண்டு நகரும். உள்ளே வெப்பநிலை எப்போதும் இரண்டு முதல் நான்கு டிகிரிக்குள். ஒரு கதவு பத்து நிமிடம் திறந்து கிடந்தால் சுவரில் உள்ள வரைபடத்தாளில் கோடு மேலே ஏறிவிடும். அதற்கு ஒருவர் விளக்கம் எழுத வேண்டும். இருபத்து நான்கு ஆண்டுகளில் அவருடைய பணிநேரத்தில் அந்தக் கோடு ஏறியது மூன்றே முறை. மூன்றும் மின்தடை. திறந்த கதவைக் கண்டால் முதலில் மூடு, பிறகு யார் திறந்தது என்று கேள் என்பதே அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் விதி. சக பணியாளர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கதவக்கா.

இந்தப் பழக்கம் கிடங்கோடு நிற்கவில்லை. பேருந்து ஓட்டுநரான அவர் கணவர் ஒருநாள் என்னிடம் முறையிட்டார்.

"வீட்ல ஃபிரிட்ஜத் திறந்து, தயிர் எங்க இருக்குன்னு தேடிட்டு இருப்பேன் தம்பி. திடீர்னு கதவு வந்து தோள்ல இடிக்கும். கை உள்ள இருக்குடின்னா, கைய எடுத்துட்டுத் தேடுங்கிறா."

"நிமிஷக்கணக்கா திறந்து வெச்சுட்டு நின்னா? தயிர் என்ன எந்திரிச்சு வந்து கும்பிடுமா?" என்றார் இவர், காய் நறுக்கியபடி.

குளிரிலேயே நாள் முழுவதும் நிற்பதால் விரல் கணுக்கள் மரத்துவிடும். மதிய இடைவேளையில் மற்றவர்கள் நிழலில் சாப்பிட, அவர் மட்டும் சரக்கு ஏற்றும் முற்றத்துச் சுவரில் வெயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். வெயில் அவருக்கு ஒருபோதும் தண்டனையாகத் தோன்றியதில்லை. மிதிவண்டி அவர் வாழ்க்கைக்குள் வந்ததற்கும் வெயில்தான் காரணம்.

வண்டி உண்மையில் அவருடைய மாப்பிள்ளைக்குச் சொந்தமானது. சரளைப் பாதைக்கென்றே செய்யப்பட்டது. பந்தய வண்டியைப் போல வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் அகலம், பிடிப்புள்ளது. எடை மிகக் குறைவு. மாப்பிள்ளை அதை ஆசையாக வாங்கி, இரண்டு முறை ஓட்டி, மூன்றாம் வாரம் சுவரில் மாட்டினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக்குப் போன இவர், அதன் கைப்பிடியில் மூன்று சட்டைகளும் ஒரு துண்டும் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, துணி காயப்போட இதவிட லேசா ஏதும் கிடைக்கலையா?"

"ஓட்டணும் அத்தை. நேரம்தான் கிடைக்கல."

"அப்போ நேரம் கிடைக்கிற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

மாப்பிள்ளை சிரித்தார். மாமியார் நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். இவர் சட்டைகளை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு வண்டியைத் தோளில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிவிட்டார். இருக்கையை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்று கேட்கத்தான் மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். மாப்பிள்ளைக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

குறிப்பேட்டின் முதல் பக்கங்கள் பெரும்பாலும் காயங்களின் பட்டியல். "இடது முழங்கை. வளைவில் பிரேக் பிடித்தேன். வளைவுக்கு முன்பே பிடித்திருக்க வேண்டும்." "வலது முழங்கால். கல்லைப் பார்த்துக்கொண்டே போனேன், கல்லிலேயே ஏறினேன். கல்லைப் பார்க்கக் கூடாது, கல்லுக்குப் பக்கத்தில் உள்ள வழியைப் பார்க்க வேண்டும்." "காயம் இல்லை. டயரில் காற்றைக் குறைத்தேன். பாதை மெத்தென்று ஆயிற்று. இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லவில்லை?" ஏழாம் மாதத்துக்குப் பிறகு காயங்கள் நின்று, ஆறு வருகிறது: நீர்மட்டம், எந்தத் திருப்பத்தில் சரளை புதிதாகக் கொட்டியிருக்கிறது, ஓடையைக் கடக்கும் எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும், எங்கே வெயில் காலை எட்டு மணிக்கே பாதையில் விழுகிறது. நான்கு ஆண்டுகளில் நூற்று அறுபத்தொரு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் அந்தப் பாதையில் போயிருக்கிறார்.

அவர் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்ப்பது ஒரு கல்வி. நாங்கள் அலையலையான மேடுபள்ளத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பல் கடகடக்கப் போவோம். அவர் விரல்களைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, இருக்கையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பி, வண்டியைத் தனக்குக் கீழே ஆடவிட்டுவிட்டுப் போவார். வேகம் அதிகம் இல்லை. ஆனால் எந்த மேட்டிலும் அவர் இறங்கித் தள்ளியதாகப் பதிவு இல்லை.

சங்கத்தின் ஆண்டு நெடும்பயணம் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர்: பள்ளத்தாக்கு வழியாகப் பாலம் வரை, பிறகு மேட்டுச்சாலை வழியாக ஊருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்காவது கதவு வரை போய்த் திரும்புவதோடு நிறுத்திக்கொண்டிருந்த அவர், இந்த ஆண்டுதான் முதன்முறையாக நெடும்பயணத்துக்குப் பெயர் கொடுத்தார். கடும் கோடை மாதம். முப்பத்தொரு பேர் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். புறப்படுவதற்கு முன் செயலாளர் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று கதவு விதியை மூன்று முறை சொன்னார். "இது என் பல்லு பத்தின விஷயம் இல்ல, நம்ம எல்லாரோட பாதை பத்தின விஷயம். ஒருத்தர் தப்புப் பண்ணாலும் அடுத்த வருஷம் இங்க யாரும் வர முடியாது."

நான்காவது கதவு முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே பாதை மேல் மேய்ச்சல் நிலத்திலிருந்து ஆற்றோர நிலத்துக்கு இறங்குகிறது. எட்டு மணி பத்து நிமிடத்துக்கு இவர் அங்கே வந்தபோது கதவு அகலத் திறந்திருந்தது.

அவர் பிரேக் பிடித்து நின்றார். சுற்றிலும் ஒரு மாடு கண்ணில் படவில்லை, ஆளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இருட்டோடு புறப்பட்டு, ஏழு மணிக்கு முன்பே அங்கிருந்து திரும்பிவிடுவார். நெடும்பயணம் ஆறு மணிக்குத்தான் தொடங்கியதால் அன்று தாமதமாகிவிட்டது. நான்கு ஆண்டுகளில் அந்தக் கதவை அவர் மூடிய நிலையில்தான் பார்த்திருக்கிறார். சில நிமிடங்களுக்கு முன் இரண்டு இளைஞர்கள் சத்தமாகப் பேசிச் சிரித்தபடி அவரைத் தாண்டிப் போயிருந்தார்கள். அவர்கள்தான் மூடாமல் போய்விட்டார்கள் என்று அவர் முடிவு செய்தார். பாதை போய்விடுமே என்ற அச்சமும், திறந்த கதவைக் கண்டால் சும்மா இருக்காத கையும் சேர்ந்துகொண்டன. கதவை இழுத்து மூடி, சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி, கொக்கியை மாட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாதையைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவோடு போனதாக அவரே சொன்னார். ஐந்தாவது கதவும் திறந்திருந்தது; அந்தப் பக்கம் அதுவரை வந்திராததால் அதை விதிப்படி அப்படியே விட்டார்.

பாலத்தருகே தேநீர் நிறுத்தம். பதிவேட்டின்படி அவர் அங்கே வந்த நேரம் ஒன்பது நாற்பத்திரண்டு. செயலாளர் மடக்கு மேசையில் தேநீர்க் குடுவையும் வாழைப்பழமும் அவித்த உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரும்பாலானவர்கள் பாலத்தைக் கடந்து மேட்டுச்சாலைக்குப் போய்விட்டிருந்தார்கள். சங்கத்தின் ஒரே வேன், விழுந்து தோள்பட்டை பிசகிய ஒருவரை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தது.

பத்தே கால் மணிக்கு, யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கடைசி ஆள் வந்து சேர்ந்தார். தச்சு வேலை செய்பவர். பின்சக்கரத்தில் மூன்று கம்பிகள் உடைந்து சக்கரம் கோணிக்கொண்டிருந்தது.

"கதவெல்லாம் எப்படி?" என்றார் செயலாளர்.

"ஒண்ணும் குறையில்ல டாக்டர். மூணு மூடியிருந்துச்சு, மூடிட்டேன். நாலு மூடியிருந்துச்சு, மூடிட்டேன். அஞ்சு திறந்திருந்துச்சு, விட்டுட்டேன்."

"நாலு மூடியா இருந்துச்சு?" செயலாளரின் கை குடுவையிலேயே நின்றது. "நேத்து போன்ல அவர் சொன்னாரே. வெயில் காலத்துல ஏழு மணிக்கு மேல நாலும் அஞ்சும் திறந்துதான் கிடக்கும், மாடு தண்ணிக்கு இறங்குற வழின்னு. திறந்திருக்கிறத அப்படியே விடுவோம், தனியாச் சொல்ல வேணாம்னு நெனச்சேன்."

கதவக்கா கையிலிருந்த உருளைக்கிழங்கை மேசையில் வைத்தார்.

"நான்தான் மூடினேன் டாக்டர்."

அவருக்குப் பின்னால் வந்த பதினான்கு பேரும் நிபந்தனையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார்கள். மூடியிருந்த கதவைத் திறந்து, கடந்து, ஒழுங்காக மூடினார்கள். ஒருவர் தவறிப்போய்த் திறந்துவிட்டிருந்தால்கூட மாடுகளுக்கு வழி கிடைத்திருக்கும்.

"இங்க சிக்னல் கிடையாது," என்று செயலாளர் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "விடுங்க அக்கா. அவர் வந்து திறந்திருப்பாரு. முப்பது பேர் போயிருக்கோம், யாரு மூடினதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்குத் தெரியாது. அதனால முப்பது பேரையும்தான் சொல்லுவாரு."

"திரும்பிப் போனா பத்தொன்பது கிலோமீட்டர். ஏத்தம். பத்தரை மணி வெயில்."

"வெயில் எனக்கு ஒண்ணும் இல்ல," என்று தொடங்கியவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். தச்சர் தன்னுடைய கோணல் சக்கரத்தைப் பார்த்து, "நான் போவேன் அக்கா, இது போகாது" என்றார். கதவக்கா இரண்டு குடுவைகளிலும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, வந்த வழியே வண்டியைத் திருப்பினார். நேரப் பதிவேட்டில் அவருடைய வரிசையின் மீதிக் கட்டங்கள் வெறுமையாக உள்ளன.

அந்தப் பத்தொன்பது கிலோமீட்டர் பற்றிக் குறிப்பேட்டில் ஒரே வரிதான் இருக்கிறது: "நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாடுகளுக்கும் அப்படித்தான் இருக்கும்." ஆற்றோட்டத்துக்கு எதிராக ஏறும் பாதை. சரளை வெள்ளையாகக் கண்ணில் அடித்தது. தன் வாழ்நாளில் வெயில் சுடுகிறது என்று முதன்முறையாக உணர்ந்தது அன்றுதான் என்று என்னிடம் சொன்னார். குடிக்கும் ஆசை வந்தபோதெல்லாம் கதவு வரை குடிப்பதில்லை என்று இருந்துவிட்டார். அதனால் மாட்டுக்கு ஒரு பயனும் இல்லையே என்று கேட்டேன். "தெரியும் தம்பி. ஆனா மனசு கேக்கல."

பன்னிரண்டுக்குச் சற்று முன் நான்காவது கதவு தெரிந்தது. அதற்கு மேலே நாற்பது மாடுகள் நெருக்கியடித்து நின்றன. ஆற்றின் சத்தம் அவற்றுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, இடையில் கதவு. முன்வரிசை மாடுகள் கம்பிகளின் மேல் மார்பைச் சாய்த்திருந்தன. அவர் சங்கிலியை அவிழ்த்தார். ஆனால் கதவு மேல்பக்கம்தான் திறக்கும்; கீழ்ப்பக்கம் தடுப்புக்கல். நாற்பது மாடுகள் சாய்ந்து நிற்கும் கதவை ஒரு பெண் எப்படி அந்தப் பக்கம் தள்ளுவது? தோள் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. கத்திப் பார்த்தார். மாடுகள் காதை மட்டும் அசைத்தன.

அப்போது அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பள்ளத்தாக்கில் மிதிப்பதை நிறுத்திச் சரிவில் இறங்கும்போதெல்லாம், பின்சக்கரம் எழுப்பும் கிர்ரென்ற ஒலிக்கு மாடுகள் தலையைத் தூக்கிப் பார்ப்பதையும், சில வேலியோரமாகக் கூடவே நடந்து வருவதையும் அவர் கண்டிருக்கிறார். வண்டியைத் தூக்கிக்கொண்டு வேலியை ஒட்டி ஐம்பது அடி தள்ளிப் போனார். அதைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி விட்டார். சக்கரம் கிர்ரென்று சுற்றியது. ஒரு கறுப்பு மாடு திரும்பியது. மறுபடி சுழற்றினார். அது இரண்டடி வைத்தது, பின்னால் இன்னொன்று, பிறகு ஏழெட்டு.

"என்னம்மா, மாட்டுக்குக் கச்சேரியா?"

மேட்டில் பண்ணைக்காரர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும்; கையில் ஒரு கோல். வழக்கமாகப் பத்து மணிக்கு ஆற்றங்கரையில் இருக்க வேண்டிய மாடுகளைக் காணாமல், வேறு வேலையை விட்டுவிட்டுத் தேடி வந்திருந்தார்.

"கொஞ்சம் இதுங்கள இந்தப் பக்கம் திருப்புங்க. நான் கதவத் தள்ளுறேன்," என்றார் இவர்.

பண்ணைக்காரர் நாக்கைச் சொடுக்கி ஓர் ஒலி எழுப்பினார். மாடுகள் பின்வாங்கின. இவர் கதவைத் தள்ளித் திறந்து அதோடு ஒட்டி நின்றுகொண்டார். நாற்பதும் அவரை உரசிக்கொண்டு சரிவில் இறங்கின. புழுதி அடங்கியபோது பண்ணைக்காரர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு குறையுது."

குறைந்த மாட்டைக் கதவிலிருந்து இருநூறு அடி மேலே, புதருக்குப் பக்கத்தில் கண்டார்கள். நிறைசினை. பக்கவாட்டில் படுத்து, வாயில் நுரை தள்ள, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் அதன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகே இவர் பக்கம் திரும்பினார்.

"யாரு மூடினது?"

"நான்."

"விதி தெரியுமில்ல?"

"தெரியும். எனக்கு முன்னாடி போனவங்க திறந்து போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அவங்க மேல தப்பில்ல. எனக்குப் பின்னாடி வந்தவங்க மேலயும் தப்பில்ல. மூடினபடி இருந்துச்சு, மூடினபடி விட்டாங்க."

"இது எந்திரிக்கலன்னா," என்று அவர் மாட்டைக் காட்டினார், "நாளைக்கே மூணாவது கேட்ல பூட்டு. அப்புறம் டாக்டர் இல்ல, யாரு வந்து கேட்டாலும் திறக்க மாட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. வாளி எடுத்துவர வீட்டுக்கு நடந்தார். போய்வர அரைமணி நேரம்.

இவர் காத்திருக்கவில்லை. தொடாமல் கொண்டுவந்திருந்த இரண்டு குடுவைத் தண்ணீரையும் முதலில் மாட்டின் நெற்றியிலும் கழுத்திலும் ஊற்றினார். ஆற்றுக்கு இறங்கி நிரப்பிக்கொண்டு ஏறினார். மேற்சட்டையைக் கழற்றி நனைத்து அதன் கழுத்தில் போட்டார். தலைக்கவசத்தில் மொண்டு பார்த்தார். அதன் காற்றுத்துளைகள் எல்லாவற்றையும் வழியிலேயே கொட்டிவிட்டன. ஆகவே இரண்டு குடுவைகள்தான். பண்ணைக்காரரும் அவர் மனைவியும் வாளிகளோடு வந்தபோது அவர் ஒன்பதாவது முறையாக மேடேறிக்கொண்டிருந்தார்.

"யாருங்க இது?" என்றார் மனைவி.

"இவங்கதான் மூடினது."

"மூடினவங்களா திரும்பி வந்து தண்ணி ஊத்துறது?" அந்த அம்மாள் ஒரு வாளியை இவர் கையில் கொடுத்தார். "அந்தப் பக்கம் பிடிங்க. வயித்துல ஊத்த வேணாம், முதுகுல ஊத்துங்க."

மூவரும் ஒரு மணி நேரம் போல ஊற்றினார்கள். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்கள். இரண்டு முறை அது முன்னங்கால்களை ஊன்றி எழ முயன்று சரிந்தது. இரண்டாம் முறை சரிந்தபோது இவர் அதன் தோளுக்குக் கீழே சிக்கிக்கொள்ள இருந்தார். பண்ணைக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். "உங்களையும் சேத்துத் தூக்க எங்கிட்ட ஆள் இல்லம்மா." மூன்றாம் முறை அவரும் இவரும் ஒரே பக்கத்தில் தோள் கொடுத்தார்கள். மாடு எழுந்து, ஆடி, நின்றது. சற்று நேரம் நின்றபிறகு, எதுவுமே நடக்காததுபோலப் புதரில் ஒரு வாய் இலையைப் பறித்தது.

நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டார்கள். பண்ணைக்காரர் தன் ரொட்டியை முடித்தார். பிறகு, ஏதோ கணக்கைச் சரிபார்ப்பவர் போலக் கேட்டார்.

"உங்களுக்குப் பின்னாடி எத்தனை பேர் வந்தாங்க?"

"பதினாலு."

"பதினாலு பேரும் திறந்து, திரும்ப மூடிட்டுப் போனாங்க."

"ஆமா. கடைசியா வந்தவருக்குச் சக்கரக் கம்பி ஒடஞ்சு போயிருந்துச்சு. அவரும் மூடிட்டுத்தான் வந்தாரு."

"ஒருத்தர்கூடச் சோம்பேறித்தனமா விடல."

"விடல."

"நீங்க வராம இருந்திருந்தா, எவனோ வேணும்னே செஞ்சான்னுதான் நெனச்சிருப்பேன். முப்பது பேருக்கும் சேத்துப் பூட்டு போட்டிருப்பேன்." அவர் தேநீரின் அடியில் கிடந்த தூளைப் புல்லில் கொட்டினார். "நான் சொன்னத இத்தனை பேர் இவ்வளவு ஒழுங்காக் கேட்டு நான் பார்த்ததே இல்ல. என் வீட்லயே கேக்க மாட்டாங்க."

"கேக்குற மாதிரி என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா?" என்றார் அவர் மனைவி.

இவர் சிரிக்கவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேற்சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு, வண்டியை நிமிர்த்தினார். ஊருக்கு இன்னும் முப்பத்து மூன்று கிலோமீட்டர். மொத்தம் நூற்று நான்கு வரும். நெடும்பயணத்தின் முழுத் தூரத்தைவிடப் பன்னிரண்டு அதிகம்.

"பேனா வெச்சிருக்கீங்களா?" என்றார் பண்ணைக்காரர்.

இவர் பையிலிருந்து நீலக் குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"எழுதிக்குங்க. வெயில் காலத்துல, நாலாவது கேட்டு, காலைல ஏழு மணிலருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும். அஞ்சாவதும் அப்படித்தான். மழைக்காலத்துல நாலு எப்பவும் மூடி, ஆறு மட்டும் திறந்திருக்கும். மூணாவது என்னைக்கும் மூடித்தான்." அவர் நிறுத்தி, பென்சில் தன்னை எட்டும்வரை காத்திருந்தார். "அடுத்த வருஷம் வர்றவங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துடச் சொல்லுங்க டாக்டர்கிட்ட."

இவர் அவருடைய நான்கு கதவுகளுக்கும் நான்கு வரிகள் எழுதி, பண்ணைக்காரரிடம் ஒருமுறை படித்துக் காட்டினார். ஆறாவது கதவுக்கான வரியில் ஒரு திருத்தம் இருந்தது. அதையும் எழுதிக்கொண்டு புறப்பட்டார்.